ஒன்பதரைக்குள் பொம்மசந்திரா

காலை ஐந்து நாற்பதுக்கு மாரிக்குப்பத்தில் வண்டி புறப்பட்டபோது பெட்டியில் பாதி இடத்தில் ஆட்களும் மீதிப் பாதியில் கைக்குட்டைகளும் இருந்தன. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று தங்கவயலுக்குள்ளேயே வண்டி நின்று நின்று போகும். அங்கே ஏறப்போகிறவர்களுக்காக முதலில் ஏறியவர்கள் இடம் போட்டு வைப்பது வழக்கம். கைக்குட்டை, டிபன் பை, மடித்த பேப்பர். ஜன்னலோரம் ஒரு இடத்தில் வெறும் சீப்பு மட்டும் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கோரமண்டலில் ஒரு அம்மா ஏறி, சீப்பை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்து தூங்கிப்போனார்.

நானும் என் மகள் விமலாவும் கிருஷ்ணராஜபுரத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். ஆளுக்கு இருபது ரூபாய், எழுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்குப் பிறகு பஸ், அதற்குப் பிறகு மெட்ரோ, அதற்குப் பிறகு நடை. போய்ச் சேரவேண்டிய இடம் பெங்களூரின் அந்தக் கோடியில், பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேட். நேரம் ஒன்பதரை.

விமலாவுக்கு முப்பத்தெட்டு வயது. வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தருகிற கம்பெனியில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். இதுவரை அந்தக் கம்பெனி ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் இருந்தது. இதே வண்டியில் போய் இறங்கி நடந்துவிடுவாள். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாவற்றையும் பொம்மசந்திராவுக்கு மாற்றுகிறார்கள். வர விருப்பமுள்ளவர்கள் தங்கும் இடத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மறுநாள் கடைசி நாள். ஒன்பதரைக்கு மேல் போனால் அரை நாள் சம்பளம் கிடையாது.

மாப்பிள்ளை சேகர் பங்காருப்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடை வைத்திருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் சாப்பிட உட்காரும்போது சொன்னார்.

"ஒரு நாள் லீவு போட்டுப் போய்ப் பாரு. ஒன்பதரைக்குள்ள கேட்டுல நின்னுட்டன்னா இங்கிருந்தே போய்வா. இல்லன்னா அந்தப் பக்கமே வீடு பாத்துடலாம். பசங்கள அங்க ஸ்கூல்ல சேத்துடலாம். என் வேலைக்கு அங்க இன்னா கொறச்சல், மோட்டார் எல்லா ஊர்லயும்தான் புகையுது."

பிறகு என்னைப் பார்த்து, "மாமா, நீங்களும்தான் வரணும்" என்றார்.

நேரம் பார்க்க நான் கூடப் போகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். எனக்கு எந்தப் பக்கம் ஆசை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் ஒன்பதரைக்குள் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் என் ஆசை. சேர்ந்துவிட்டால், சுரங்கத்தில் எனக்குக் கொடுத்த லைன் வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம் இருக்கும். சேராவிட்டால் நான் வீட்டைப் பூட்டிவிட்டு ஏதோ ஒரு மாடியில் போய் உட்காரவேண்டும், இல்லை ஒற்றை ஆளாக இருந்து பொங்கித் தின்னவேண்டும். எழுபத்தாறு வயதில் இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறே கால் இருக்கும். பங்காருப்பேட்டை தாண்டியதும் எதிரில் இருந்த பெஞ்சமின் கண் விழித்தான். அவன் சின்னப் பையனாக இருந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். பீன்யாவில் லேத் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதே வண்டி.

"இன்னாணா, நீ எங்க இந்த வண்டியில? ஆஸ்பத்திரியா?"

"பொம்மசந்திரா."

"அங்க இன்னா இருக்குது?"

விமலா சொன்னாள். அவன் விரலை மடக்கினான்.

"நான் பீன்யா போறன். வண்டி, மெட்ரோ, ரெண்டே. உனக்கு மூணு. நடுவுல பஸ்ஸு. ரயிலு கவுக்காது, மெட்ரோ கவுக்காது. பஸ்ஸுதாம்மா உன்னக் கவுக்கும்."

"மெஜஸ்டிக் வரைக்கும் இதுலயே வந்து மெட்ரோ ஏறினா?"

"ஏறலாம். அங்க ரெண்டு மெட்ரோ மாறணும். கேட்டுக்குப் போறப்ப ஒன்பதே முக்கால் ஆயிடும். கே.ஆர்.புரத்துலயே இறங்கு. ரிங் ரோட்டுக்கு மேல மெட்ரோ பாலம் கட்டி நிக்குது பாரு. அது ஓடிச்சின்னா சில்க் போர்டு அரை மணி நேரம். மாறி ஏறினா பொம்மசந்திரா. ராணி மாதிரி போலாம்."

"எப்ப ஓடும்?"

"பாலத்தைத்தான் கேக்கணும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் அடுத்த வருஷம் என்றார். இன்னொருவர் அவர் போன வருஷமும் இதையேதான் சொன்னார் என்றார்.

விமலா கேட்டாள். "இருபத்திரண்டு வருஷம் எப்பிடிண்ணா போறீங்க?"

"போறது கஷ்டமே இல்லம்மா. உக்காந்தா தூங்கிடுவன். காலையில பசங்க எழுந்திரிக்கறதுக்கு முன்ன கெளம்பறன், ராத்திரி படுத்தப்புறம் வரன். என் பொண்ணு நீளம் எனக்கு நல்லாத் தெரியும். உயரந்தான் தெரியாது."

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். விமலா சிரிக்கவில்லை. மாலூர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏழு முப்பத்தெட்டுக்குக் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கினோம். படி ஏறி, மேல்பாலம் கடந்து, படி இறங்கி பஸ் நிற்கும் இடத்துக்கு வர எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. அவள் தனியாக என்றால் ஐந்து நிமிஷம். அப்போதே மனதுக்குள் என் கால் வலிக்கு ஐந்து நிமிஷம் தள்ளுபடி கொடுத்தேன். ஆனால் பஸ் ஏழு ஐம்பத்திரண்டுக்குத்தான் வந்தது. யார் வேகமாக வந்திருந்தாலும் அந்த பஸ்தான். தள்ளுபடி வீணாகிவிட்டது.

கண்டக்டருக்கு முப்பது வயது இருக்கும். "கூத்கொள்ளி தாத்தா, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் சொல்லி ஒரு பையனை எழுப்பி என்னை உட்காரவைத்தார். விமலாவின் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு இலவச டிக்கெட் கிழித்தார். கர்நாடகத்தில் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

"அவங்களுக்கு ஃப்ரீ. உங்களுக்குத் துட்டு. என்னா பண்றது தாத்தா, ஆம்பளையாப் பொறந்துட்டீங்க."

மெட்ரோ ஏறவேண்டிய சில்க் போர்டு வரை பதினேழு பதினெட்டு கிலோமீட்டர். மாரத்தஹள்ளி வரை பஸ் ஓடியது. அதற்கப்புறம் ஓடியது என்று சொல்லமுடியாது. முன்னால் கார், பக்கத்தில் கார், ஒவ்வொரு காரிலும் ஒரே ஆள். பைக்குகள் நடைபாதையில் ஏறிப் போயின. நடக்கிறவர்கள் ரோட்டில் இறங்கி நடந்தார்கள். தலைக்கு மேலே பெஞ்சமின் சொன்ன பாலம் கூடவே வந்தது. தூண், தூணுக்கு மேல் பாதை, அங்கங்கே ஸ்டேஷன்கூட எழுந்து நிற்கிறது. வேலையாட்கள் தலையில் மஞ்சள் தொப்பியோடு அதன் மேலே நடந்து போனார்கள். ரோட்டில் இருந்த எங்கள் எல்லோரையும்விட அவர்கள்தான் வேகமாகப் போனார்கள்.

நான் சுரங்கத்தில் டிராமர். அதாவது பூமிக்கு அடியில் சின்னத் தண்டவாளம் போட்டிருக்கும், அதில் தொட்டி வண்டி நிற்கும், கல்லை வாரிப் போட்டதும் இரண்டு பேர் சேர்ந்து, மேலே ஏற்றுகிற ஷாஃப்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அதை டிராம் என்பார்கள். இருபத்தேழு வருஷம் தள்ளியிருக்கிறேன். முன்னால் போகிற வண்டி தடம் இறங்கிவிட்டால் பின்னால் வருகிறதெல்லாம் நின்றுவிடும். அப்போது பின்னால் நிற்கிறவர்கள் திட்டிக்கொண்டே ஓடிவந்து, கடப்பாரையைக் கொடுத்து, முதுகு கொடுத்துத் தூக்கி வைப்பார்கள். தூக்கினால்தான் அவர்களுக்கும் வழி. இந்த ரோட்டில் யாரும் இறங்கி ஓடவில்லை. எல்லோரும் உள்ளே உட்கார்ந்து ஹாரன் அடித்தார்கள். எதைத் தூக்கிவைத்தால் வழி கிடைக்கும் என்று எனக்கும் தெரியவில்லை.

பெல்லந்தூரில் பஸ் ஒரே இடத்தில் ஒன்பது நிமிஷம் நின்றது. கண்டக்டரைக் கேட்டேன். "மேல ரயிலு ஓடினா உங்க பஸ்ஸு காலியாயிடுமே?"

"ஆவட்டும் தாத்தா. ஒரு நாளாவது உக்காந்துகினு டிக்கெட் கிழிக்கணும்னு எனக்கும் ஆசை."

"ரோடும் காலியாகும்."

"அது ஆவாது. ரோடு காலின்னு தெரிஞ்சா வீட்டுல நிக்கிற காரெல்லாம் வெளிய வந்துடும். நம்ம ஊரு ஜனத்த உங்களுக்குத் தெரியாது."

எட்டு நாற்பத்தாறுக்கு சில்க் போர்டு. விமலா என் கையைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். பொம்மசந்திராவுக்கு ஆளுக்கு அறுபது ரூபாய். வட்டமாக ஒரு பிளாஸ்டிக் டோக்கன் கொடுத்தார்கள். அதைக் கதவில் காட்டினோம், திறந்தது. பக்கத்துக் கண்ணாடி ஜன்னலில் டோக்கனைக் கொடுத்துவிட்டு அவள் பின்னால் படியேறினேன்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு வண்டி. இதில் டிரைவர் கிடையாது என்று விமலா சொன்னாள். நம்பாமல் முன்பக்கம் வரை நடந்து பார்த்தேன். உண்மைதான். முன்னால் பெரிய கண்ணாடி. அதன் வழியே தண்டவாளம் நம் காலுக்கடியில் வந்து நுழைகிறது. சுரங்கத்தில் டிராமைப் பின்னால் இருந்துதான் தள்ளுவோம், முன்னால் என்ன வருகிறது என்பதே தெரியாது. இங்கே முன்னால் எல்லாம் தெரிகிறது, தள்ளுகிற ஆளைத்தான் காணோம். கீழே ஓசூர் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. பெல்லந்தூரில் நின்ற கோபம் எனக்குப் போய்விட்டது. கூட்லு கேட், ஹொசா ரோடு, எலக்ட்ரானிக் சிட்டி என்று ஸ்டேஷன்கள் இரண்டிரண்டு நிமிஷத்தில் கழிந்தன.

"நைனா, ஒன்பது இருபதுக்கு இறங்கிடுவம். அங்கிருந்து ஏழு நிமிஷம் நடை, எட்டுன்னு வச்சிக்கோ" என்றாள் விமலா.

"இருபத்தெட்டு. போதும்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோஷம்.

சொன்ன மாதிரியே ஒன்பது இருபதுக்கு பொம்மசந்திரா. விமலா கதவின் துளையில் டோக்கனைப் போட்டாள், திறந்தது, வெளியே போய்விட்டாள். நான் போனேன், திறக்கவில்லை. சீருடை போட்ட ஒரு பெண் வந்தார்.

"டோக்கன் எல்லி? எங்க தாத்தா?"

"குடுத்துட்டம்மா."

"யாரிகெ? யாருக்குக் குடுத்தீங்க?"

"சில்க் போர்டுல. ஏறும்போதே குடுத்துட்டன். ஜன்னல்ல."

கதவுக்கு அந்தப் பக்கம் விமலா தலையில் கை வைத்தாள். "ஏறும்போது யாரானா குடுப்பாங்களா நைனா?"

"குடுக்காம எப்பிடி உள்ள போறது? ஆளு உள்ள இருக்கான்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இதைச் சொன்னபோதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே புரிந்தது. சுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் நம்பர் வெட்டிய பித்தளை டோக்கன் உண்டு. இறங்கும்போது விளக்கு அறை ஜன்னலில் டோக்கனைக் கொடுத்து விளக்கை வாங்கவேண்டும். அதைப் பலகையில் மாட்டிவிடுவார்கள். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்கவேண்டும். ஷிஃப்ட் முடிந்தும் பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால் ஒரு ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். தேட இறங்குவார்கள். ஒருமுறை பாறை சரிந்து நானும் கூட இருந்தவனும் மாட்டிக்கொண்டபோது, மேலே தொங்கிய எங்கள் இரண்டு டோக்கனைப் பார்த்துத்தான் வந்தார்கள். சில்க் போர்டில் அதே மாதிரி ஒரு ஜன்னல், உள்ளே ஒரு ஆள், அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். என் கை தானாக டோக்கனை உள்ளே தள்ளிவிட்டது.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இங்க அப்படி யாரும் தேடமாட்டாங்க தாத்தா. டோக்கன் இல்லைன்னா வெளிய விடமாட்டோம், அவ்ளோதான்" என்றார்.

சில்க் போர்டுக்குப் போன் போட்டார். மேஜையில் ஒரு டோக்கன் அனாதையாகக் கிடந்ததாக அங்கிருந்து சொன்னார்கள். ஒரு தாளில் பேர் எழுதச் சொன்னார்கள். கட்டவேண்டியதை விமலா கட்டினாள். நடுவில் நான் இரண்டு தடவை கத்தினேன்.

"நீ போம்மா. ஓடு. மணி இருபத்தஞ்சி."

"உன்ன உட்டுட்டு எங்க போறது? இந்த ஊர்ல உனக்கு எந்தப் பக்கம் வழின்னு தெரியுமா?"

போகவில்லை. நின்றாள். நான் வெளியே வந்தபோது ஒன்பது முப்பத்திரண்டு. கம்பெனி கேட்டில் போய் நின்றபோது ஒன்பது நாற்பத்தொன்று. கேட் சாத்தியிருந்தது. உள்ளே விரல் வைக்கிற இயந்திரத்தின் விளக்கு மட்டும் தெரிந்தது.

எதிரில் இருந்த கடையில் இட்லி சாப்பிட்டோம். தட்டு நாற்பது ரூபாய், மூன்று இட்லி.

"நான் தனியா வந்திருந்தா ஒன்பது இருபத்தெட்டு" என்றாள்.

"ஆமா."

"ஒண்ணாந்தேதியிலருந்து நீ கூட வரப்போறதில்ல."

"இல்ல."

"அப்ப இருபத்தெட்டுன்னுதான் அவர்கிட்ட சொல்லணும்."

"சொல்லலாம். அதுதான் சரி" என்றேன். என்னால் அவளுக்கு ஒரு நாள் வீணாகிவிட்டது என்ற வருத்தம் எனக்கு இருந்தாலும், கணக்கு என் பக்கம்தான் வந்தது.

அவள் விரலைத் தட்டில் வைத்தபடி சொல்லிக்கொண்டே போனாள். மூணே முக்காலுக்கு எழுந்தால் இரண்டு வேளைச் சமையல் முடியும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே வந்தால் வீடு போய்ச் சேர பத்து. குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. வேலைக்கு ஒயர் வெட்டுகிற மாதிரி அளந்து சொன்னாள்.

"இவ்ளோ தூரம் வந்தாச்சி. வாடகை எவ்ளோன்னு சும்மா கேட்டுட்டுப் போலாமா?" என்றாள் பிறகு.

அடுத்த ஊர் ஹெப்பகோடி, பக்கம்தான். கம்பெனியிலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். மூன்றாவது மாடியில் ஒரு வீடு, இரண்டு அறை, வாடகை பதினோராயிரம். ஏறும்போது நான் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினேன். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா திறந்துவிட்டார். விமலா சமையலறை ஜன்னலைச் சாண் போட்டு அளந்தாள். குழாயைத் திறந்து வாயில் ஊற்றிப் பார்த்தாள். ஸ்கூல் எவ்வளவு தூரம், மெட்ரோ இந்தப் பக்கம் வந்தபிறகு வாடகை ஏறியதா, மத்தியானம் வெயில் எந்த ஜன்னலில் வரும், ஒன்றையும் விடவில்லை. சின்ன அறையில் நின்று, "இங்க ஒரு கட்டில் போட்டா கதவு தொறக்குமா?" என்று கேட்டாள். அந்த அம்மா கதவைத் திறந்து காட்டினார். திறந்தது.

பதினாலு வருஷமாக அவள் வேலைக்குப் போய் வருவதைப் பார்க்கிறேன். ஒரு பொருளைப் பற்றி இத்தனை கேள்வி அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. சும்மா கேட்கிறவள் குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்க்கமாட்டாள்.

மூன்றரைக்குத் திரும்பினோம். இந்தத் தடவை சில்க் போர்டு வரும்வரை டோக்கனை உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன். ரிங் ரோட்டில் கூட்டம் காலையைவிட மோசம். விமலாவுக்கு உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்கினாள். பிரேக் போடும்போதெல்லாம் நெற்றி கம்பியில் இடித்தது, அப்போதும் கண் திறக்கவில்லை. இடம் தருகிறேன் என்று இரண்டு தடவை எழுந்தேன். என் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு மறுபடி தூங்கினாள். மேலே பாலம் வந்துகொண்டிருந்தது. அது இன்றைக்கு ஓடியிருந்தால் இவள் இப்போது கிருஷ்ணராஜபுரத்தில் இருப்பாள். ஓடப்போவது நிச்சயம். அந்தத் தூண்களைப் பார்த்த யாரும் அதைச் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அது ஓடாது. ஓடும்வரைக்கும் ஒன்பது இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர முடியும். முடிகிறது என்பதால் இவள் அதைச் செய்துகொண்டே இருப்பாள். பெஞ்சமினும் முதல் வருஷம் முடிகிறது என்றுதான் போயிருப்பான்.

ஆறேகால் வண்டியில் ஏறினோம். மாலூர் தாண்டும்போது மாப்பிள்ளையின் போன் வந்தது. விமலா என்னிடம் நீட்டினாள்.

"நைனாகிட்டயே கேளுங்க. அவருதான் டைம் பாத்தாரு."

"மாமா, கேட்டுக்கு எத்தன மணிக்குப் போய்ச் சேந்தீங்க?"

"ஒன்பது நாப்பத்தொண்ணு."

விமலா திரும்பினாள்.

"ஏன் மாமா, பஸ்ஸா?"

"தெனமும் ஏதோ ஒண்ணு இருக்கும் மாப்ள. ஒரு நாளைக்கு பஸ்ஸு, ஒரு நாளைக்கு மழை. இன்னிக்கு இது."

"அப்ப வீடு பாக்க வேண்டியதுதான்."

"பாத்துட்டம். ஹெப்பகோடியில. மூணாவது மாடி. தண்ணி நல்லா இருக்குதாம். ஞாயித்துக்கிழமை நீங்க வந்து ஒரு தடவ பாருங்க."

"உங்களுக்கு மாடி ஏற முடியுமா?"

"நான் இங்கயே இருக்கறன். மாசத்துல ரெண்டு தடவ வந்து ஏறி எறங்கறன்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். விமலா அதைப் பையில் போட்டாள்.

"இருபத்தெட்டுன்னுதானே பேசினோம்?"

"நீ அங்க நின்னது நாப்பத்தொண்ணுதான? நான் பொய்யா சொன்னன்?"

"தனியா எப்பிடி இருப்ப?"

"மெட்ரோ கேட்டுல நீ எனக்காகப் பத்து நிமிஷம் நின்ன. தெனமும் நிப்பியா?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பெங்களூரில் வண்டி போதவில்லை என்று பாலத்துக்கு மேல் பாலம் கட்டுகிறார்கள். எங்கள் தங்கவயலில் அந்தக் காலத்து ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றிலும் வண்டி இன்னும் நிற்கிறது, இறங்குகிற ஆள்தான் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. நான் குறை சொல்லவில்லை. வேலை இருக்கிற பக்கம் தண்டவாளம் போகும், தண்டவாளம் போகிற பக்கம் ஜனம் போகும். என் அப்பனும் வட ஆற்காட்டிலிருந்து அப்படித்தான் இங்கே வந்தார்.

பங்காருப்பேட்டை வருவதற்குள் விமலா பையிலிருந்து அந்தக் கம்பெனித் தாளை எடுத்தாள். வைத்து எழுத இடமில்லை. "கொஞ்சம் குனி நைனா" என்றாள். குனிந்தேன். என் முதுகில் தாளை வைத்து, தங்கும் இடம் என்ற கட்டத்தில் ஹெப்பகோடி என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணிப்போச்சே என்றாள்.

கம்பெனிக்காரர்கள் அதையெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்றேன்.